வாட்டர் லைன் மாப்பிள்ளை

வெற்றிவேலுக்குப் பெண் பார்ப்பதில் ஒரு விசித்திரமான சிக்கல் இருந்தது. போகிற இடத்திலெல்லாம் அவனைப் பிடித்துவிடும். நல்ல உயரம், சிகரெட் கிடையாது, ராஜகீழ்ப்பாக்கத்தில் சொந்த வீடு, யாருக்கும் பாக்கி இல்லை. எல்லாம் கூடிவருகிற நேரத்தில் பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "தம்பி என்ன வேலை பண்றீங்க?" என்பார். இவனும் பெருமையாக, "பிளம்பர் சார்" என்பான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு இன்னொரு பஜ்ஜி எடுத்துக்கொள்ளச் சொல்ல அந்த வீட்டில் ஆள் இருக்காது.

இத்தனைக்கும் அதே பெரியவர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கக்கூஸ் அடைத்துக்கொண்டால், அவர் சாமியைக் கூப்பிடுவதற்கு முன்னால் பிளம்பரைத்தான் கூப்பிடுவார். ஆள் வந்து சேரும்வரை போன் மேல் போன் போட்டு, "எங்கப்பா வந்துட்டிருக்க?" என்று உயிரை வாங்குவார். பெண்ணை மட்டும் கொடுக்க மாட்டார். நியாயமா இது என்று எனக்கே கேட்கத் தோன்றுகிறது, வெற்றிவேல் கேட்டதில்லை. அவனுக்குத் தன் வேலை ரொம்பப் பிடிக்கும். கண்ணுக்குத் தெரியாமல் சுவருக்குள் ஒளிந்துகொண்டு கசிகிற தண்ணீரை, தட்டிப் பார்த்து, தடவிப் பார்த்து, காதை வைத்துக் கேட்டு, "மாட்டிக்கினியா" என்று பிடிப்பதில் அவனுக்கு அப்படியொரு குஷி. தூக்கம் தொலைந்தது அவன் அம்மா ஜெயக்கொடிக்குத்தான்.

மூன்றாவது வீடும் கைநழுவிப் போன பிறகு ஜெயக்கொடியின் தம்பி சிட்டிபாபு களத்தில் இறங்கினார். சேலையூரில் சாமியானா பந்தல் வாடகைக்கு விடுகிறவர், பேச்சில் சூரர்.

"அக்கா, நீ ஒண்ணியும் கவலப்படாத. இந்த தபா நான் பேசிக்கிறேன். நீங்க ரெண்டு பேரும் வாயத் தொறக்காம வந்து உக்காந்தா போதும்" என்றார்.

பேசவும் பேசினார். மாடம்பாக்கத்தில் சம்பந்தம் என்று ஒருவர், ஒரு அரசுப் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரே மகள் தமிழினி. காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை. சம்பந்தம் போனில், "பையன் எந்த லைன்ல இருக்கார்?" என்று கேட்டிருக்கிறார். நம் பக்கத்தில் எல்லோரும் கேட்கிற கேள்விதான். ஒருத்தன் ஐ.டி. லைன் என்பான், ஒருத்தன் மெடிக்கல் லைன் என்பான். சிட்டிபாபு ஒரு நொடிகூட யோசிக்காமல், "வாட்டர் லைன்ல கீறாரு சார்" என்றார்.

அதில் பொய் எதுவும் இல்லை. வெற்றிவேல் காலையிலிருந்து சாயந்திரம்வரை வாட்டர் லைனில்தான் இருக்கிறான். ஆனால் காலமெல்லாம் அரசாங்கச் சம்பளத்தை நம்பியே வாழ்ந்த சம்பந்தத்தின் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. பையனுக்கு வாட்டர் போர்டில் வேலை என்று அவர் முடிவுகட்டிவிட்டார். மறுநாளே பெண்ணின் ஜாதகமும் போட்டோக்களும் வாட்ஸப்பில் வந்து சேர்ந்தன.

போட்டோக்களில் ஒன்று ஸ்டுடியோவில் எடுத்ததில்லை. ஏதோ ஒரு கல்யாணப் பந்தியில், வாய் நிறையச் சோற்றோடு, பக்கத்தில் யாரோ சொன்னதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள் தமிழினி. தவறுதலாகச் சேர்ந்து வந்த படம். வெற்றிவேல் அந்தப் படத்தை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டான். குழாய் மாட்டப் போன வீடுகளில் ஏணிமேல் நின்றபடி அதைப் பார்த்தான். இந்தப் பெண் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று முதல் தடவையாக அவனுக்குப் பயம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், அம்மாவோடும் மாமாவோடும் மாடம்பாக்கம் போய் இறங்கினான். வீட்டு வாசலில் ஜெயக்கொடி அவன் காதருகே குனிந்தாள்.

"தோ பார், அங்க கொயா ஒயுவுது, இங்க ஒயுவுதுன்னு எதுனா ஆரம்பிச்ச, கொன்னுடுவேன். கம்முனு உக்காந்து எய்ந்து வா."

"நான் இன்னாம்மா சொல்லப் போறேன்?"

"போன தபா அந்தப் பொண்ணு வந்து நிக்க சொல்லோ, நீ அவங்க சிங்க்குக்குக் கீய குனிஞ்சிகினு இருந்த."

அது உண்மைதான் என்பதால் வெற்றிவேல் வாயை மூடிக்கொண்டான்.

சம்பந்தம் வாசலுக்கே வந்து, "வாங்க தம்பி, வாங்க" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார். தரைத்தளமும் மொட்டை மாடியும் கொண்ட, பழசானாலும் துடைத்து வைத்த வீடு. கூடத்தில் நாற்காலிகள் புதுசாகத் துடைக்கப்பட்டிருந்தன. எல்லாம் சரியாக இருந்தது, ஒன்றைத் தவிர. எதிர்ச் சுவரில் மயில் படம் போட்ட ஒரு பெரிய திரைச்சீலை தொங்கியது. அந்தச் சுவரில் ஜன்னல் கிடையாது. உள்பக்கச் சுவர் அது. அந்தப் பக்கம் சமையலறை.

ஜன்னல் இல்லாத சுவருக்கு எவனாவது திரை போடுவானா? வெற்றிவேல் அந்த மயிலை விட்டுக் கண்ணை எடுக்க முடியாமல் தவித்தான். திரையின் கீழ் ஓரத்தில், தரையோடு ஒட்டிய இடத்தில், சுண்ணாம்பு வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது. இந்தப் பக்கத்து போர் தண்ணீரில் உப்பு அதிகம். சுவருக்குள் கசிந்தால் காய்ந்த இடத்தில் உப்புப் பூத்துக் காட்டிக்கொடுத்துவிடும். மழை பெய்து மாதக் கணக்காகிறது, ஆகவே மாடியிலிருந்து இறங்குகிற ஈரம் இல்லை. பைப்தான். சமையலறை லைனாகத்தான் இருக்கும். இதெல்லாம் அவன் மனதில் ஓடி முடிந்தபோது அம்மாவின் முழங்கை அவன் விலாவில் இடித்தது.

"அந்தத் திரை நல்லா இருக்கு சார்" என்று ஏதோ சொல்லிவைத்தான்.

சம்பந்தத்தின் முகம் ஒரு கணம் வெளிறியது. "புதுசு தம்பி, நேத்துதான் வாங்கினோம்" என்றவர் சட்டென்று பேச்சை மாற்றினார். "உங்க போர்டுல இப்ப புதுசா சேர்றவங்களுக்குப் பென்ஷன் உண்டா?"

வெற்றிவேலுக்கு முதலில் விளங்கவில்லை. எந்த போர்டு? மாமாவைத் திரும்பிப் பார்த்தான். சிட்டிபாபு வாய்க்குள் முழு வாழைக்காய் பஜ்ஜியைத் தள்ளிக்கொண்டு, இனிமேல் தான் பேச முடியாது என்பதைக் கண்ணாலேயே தெரிவித்தார். அப்போதுதான் வெற்றிவேலுக்கு விஷயம் உறைத்தது. இவர்கள் தன்னை அரசாங்க ஆள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சொல்லிவிடலாம். ஒரே ஒரு வார்த்தைதான். வாயைத் திறந்தான், அந்த நேரம் பார்த்து தமிழினி தட்டோடு வந்தாள். போட்டோவில் இருந்ததைவிடக் கொஞ்சம் கறுப்பு, கொஞ்சம் குள்ளம், நூறு மடங்கு உயிரோட்டம். காபி டம்ளரை அவனிடம் நீட்டியபோது அவன் விழிப்பதைப் பார்த்து, சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். வெற்றிவேல் திறந்த வாயை மூடிக்கொண்டான். "பென்ஷனெல்லாம் பெரிசா ஒண்ணும் கிடையாது சார்" என்று முணுமுணுத்தான். சொல்லும்போதே தன்மேல் வெறுப்பு வந்தது.

"ஒரே வேர்வையா இருக்கு பாரு, ஃபேனைக் கொஞ்சம் வேகமா வை" என்றாள் தமிழினியின் அம்மா.

தமிழினி திரும்பி, திரைக்குப் பக்கத்திலிருந்த சுவிட்ச் போர்டை நோக்கிப் போனாள். வெற்றிவேலும் அப்போதுதான் அந்த போர்டைச் சரியாகப் பார்த்தான். அதன் அடி ஓரத்தில் பழுப்பாக ஒரு ஈரக்கோடு ஏறியிருந்தது. உள்ளே மிக மெல்லிசாக, எண்ணெயில் கடுகு போட்ட மாதிரி ஒரு சத்தம்.

"தொடாதீங்க" என்று கத்திக்கொண்டே எழுந்தான். காபி வெள்ளைச் சட்டையில் கொட்டியது. "கை வெக்காதீங்க, போர்டுக்குள்ள ஈரம் ஏறிக்கினு கீது. சார், மெயின் எங்க இருக்கு? மொதல்ல மெயினை அணைங்க."

தமிழினி நீட்டிய கையை அப்படியே இழுத்துக்கொண்டாள். சம்பந்தம் ஓடிப்போய் மெயினை அணைத்தார். விசிறி மெல்ல மெல்ல நின்றது. வெற்றிவேல் யாரையும் கேட்காமல் திரையை ஒதுக்கினான். மயிலுக்குப் பின்னால் சுவர் ஆள் உயரத்துக்கு உப்பிப்போய், பெயிண்ட் பொரிப்பொரியாகக் கிளம்பி நின்றது. உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். ஈரம் சில்லென்று இருந்தது.

சம்பந்தத்துக்கு அவமானமும் கோபமும் சேர்ந்து வந்தன. "மாடியிலேர்ந்துதான் இறங்குதுன்னு சொல்லி தளத்துக்கு ரெண்டு தடவை பூச்சு பூசினேன். அப்படியும் நிக்கலை. நீங்க வர்ற நேரத்துல அசிங்கமா இருக்குமேன்னுதான் திரை போட்டோம்" என்றவர், ஏதோ தட்டுப்பட்டவராக நிமிர்ந்தார். "ஆமா, உங்களுக்கு எப்படி இதெல்லாம் தெரியுது? வாட்டர் போர்டுல வீட்டு சுவரையெல்லாமா பார்ப்பாங்க?"

"நான் வாட்டர் போர்டு இல்ல சார். பிளம்பர்."

ஜெயக்கொடி கண்ணை மூடிக்கொண்டாள். சிட்டிபாபு ஒருவழியாகப் பஜ்ஜியை விழுங்கிவிட்டு, "நான் வாட்டர் லைன்னுதான சார் சொன்னேன். நீங்களா போர்டு மாட்டிக்கினா நான் இன்னா பண்றது?" என்றார். அவர் பேசாமல் இருந்திருக்கலாம்.

சம்பந்தம் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் முகம் வாசல் இரும்புக் கதவு போலச் சாத்திக்கொண்டதை வெற்றிவேல் பார்த்தான். நான்காவது வீடு. ஆனால் முந்தைய மூன்றுக்கும் இப்படி நெஞ்சு வலிக்கவில்லை. எழுந்து போய்விடலாம் என்றுதான் நினைத்தான். ஆனால் சுவர் அப்படியே ஈரமாக நிற்கிறது, அந்த போர்டில் நாளைக்கு யாராவது கை வைப்பார்கள். அதுவும் அவளாகவே இருந்துவிட்டால்? அப்படி விட்டுவிட்டுப் போக அவனால் முடியவில்லை.

"எந்த லைன்ல ஓட்டைன்னு மட்டும் பாத்து வால்வை மூடிட்டுப் போயிடறேன் சார். மாடியில ஒரு ஆள் வேணும்."

சம்பந்தத்துக்கு முட்டிவலி. சிட்டிபாபு தன் வயிற்றைத் தடவிக் காட்டினார். "நான் போறேன்" என்றாள் தமிழினி. பட்டுப்புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, யாரும் வேண்டாம் என்று சொல்வதற்குள் படியேறிவிட்டாள்.

வெற்றிவேல் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, பின்பக்கம் போய் அண்ணாந்து பார்த்தான். மாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேலே அவள் முகம் தெரிந்தது.

"டேங்குலேர்ந்து மூணு பைப் கீழ எறங்கும். கிச்சனுக்கு ஒண்ணு, பாத்ரூமுக்கு ஒண்ணு, தோட்டத்துக்கு ஒண்ணு. மூணு வால்வையும் மூடுங்க. ஓட்டை இருக்கிற பைப்புல தண்ணி தானா எறங்கிடும். அப்புறம் ஒவ்வொண்ணா தொறந்து பைப்புல காதை வெச்சுக் கேளுங்க. கீழ கொழாய் எல்லாம் மூடியிருக்க சொல்லோ எந்தப் பைப்புல தண்ணி ஓடற சத்தம் கேக்குதோ, அதான் திருடன்" என்று கத்தினான்.

"மூடிட்டேன். எவ்வளவு நேரம் காத்திருக்கணும்?" என்று மேலிருந்து குரல் வந்தது.

"கொஞ்ச நேரம் ஆவும். அதுவரைக்கும் எதுனா பேசுங்க."

"என்ன பேசறது?"

"பொண்ணு பாக்க வந்தா தனியா பேச விடுவாங்க இல்ல. அதைப் பேசுங்க."

பக்கத்து வீட்டுக் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாள் கிளிப்பைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டாள். எதிர் மாடியில் ஒரு தலை முளைத்தது. தமிழினி அதையெல்லாம் பார்த்தாள். பார்த்துவிட்டு அதே சத்தத்தில் கேட்டாள்.

"பிளம்பர்னு ஏன் முதல்லயே சொல்லலை?"

வெற்றிவேலுக்குக் காது சூடானது. இந்தக் கேள்விக்கு மெதுவாகப் பதில் சொல்லத்தான் ஆசை, மெதுவாகச் சொன்னால் மாடிக்கு எட்டாது.

"மாமா சொன்னது எனக்கு உள்ள வந்து உக்காந்தப்புறம்தான் தெரியும். தெரிஞ்சப்பவே சொல்லியிருக்கணும். நீங்க காபியோட வந்துட்டீங்க. சொன்னா நீங்க கிடைக்க மாட்டீங்களேன்னு வாய் வரல. தப்புதான்."

எதிர் மாடியில் இப்போது மூன்று தலைகள். "வேலை பிடிச்சுதான் பண்றீங்களா?" என்று கேட்டாள் தமிழினி.

"ரொம்பப் பிடிக்கும். இதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல எனக்கு. இன்னிக்கி ஒரு நாள்தான் வெக்கப்பட்டேன். அது வேலைய நினைச்சு இல்ல, என்னைய நினைச்சு. உங்களுக்கு எதுனா பிடிக்காதது இருக்குதா?"

"சத்தம் போட்டுப் பேசறவங்களைப் பிடிக்காது" என்று தமிழினி தெருவே கேட்கும்படி சொன்னாள். சொல்லிவிட்டு, போட்டோவில் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தாள். துணிக் கிளிப் அம்மாளும் சிரித்துவிட்டாள்.

"இப்ப கிச்சன் வால்வைத் தொறங்க. அதுலதான் இருக்கும், நான் எழுதிக் கொடுக்கிறேன்."

அவள் குனிந்து பைப்பில் காதை வைத்தாள். "இதுல ஒண்ணும் கேக்கலை."

"நல்லா கேளுங்க."

"நல்லாத்தான் கேக்கறேன். சத்தமே இல்லை." சிறிது நேரம் கழித்து, "நீங்க எழுதிக் கொடுத்ததைக் கிழிச்சிடுங்க. பாத்ரூம் பைப்புல கேக்குது. கடகடன்னு உள்ள இறங்குது" என்றாள்.

வெற்றிவேல் உள்ளே ஓடிச் சுவரில் காதை வைத்தான். தண்ணீர் உள்ளுக்குள் சீறுகிற சத்தம் முழங்கால் உயரத்தில் தெளிவாகக் கேட்டது. பாத்ரூமுக்குப் போகிற பழைய இரும்புக் குழாயைச் சுற்றிக்கொண்டு போக விடாமல், வீடு கட்டினவன் நேராகக் கூடத்துச் சுவர் வழியாகவே கொண்டுபோயிருக்கிறான். கிச்சன் லைன் என்று தான் சத்தியம் செய்தது தப்பு. தோற்றதில் இவ்வளவு சந்தோஷம் வரும் என்று அவனுக்கு அதுவரை தெரியாது.

"நீங்க சொன்னதுதாங்க கரெக்டு. அதை மூடிட்டு எறங்கி வாங்க" என்று கத்தினான்.

சுவர் போர்டுக்குப் போகிற ஒயரை மட்டும் பிரித்துவிட்டு மெயினைப் போட்டுக் கொடுத்தான். கூடத்து விசிறி அந்த போர்டில்தான் இருந்ததால் அது ஓடவில்லை. எல்லோரும் வேர்த்து வழிந்தபடி நின்றார்கள். சுவரை வெட்டி, துருப்பிடித்த குழாயை எடுத்துவிட்டுப் புதுக் குழாய் போட வேண்டும், காய்ந்த பிறகுதான் பூச வேண்டும், அதுவரை பாத்ரூம் வால்வைத் திறக்கவே கூடாது என்று சம்பந்தத்திடம் விளக்கினான். அவர் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு சட்டைப் பையிலிருந்து பர்ஸை எடுத்தார்.

"வந்து பார்த்ததுக்கு எவ்வளவுன்னு சொல்லுப்பா."

வந்தபோது வாங்க தம்பி, இப்போது சொல்லுப்பா. அவர் கெட்ட மனிதர் இல்லை, யார் உழைப்பையும் சும்மா வாங்கிப் பழக்கமில்லாதவர். அதுவே வெற்றிவேலை அதிகமாகக் குத்தியது. முடிந்துவிட்டது என்று புரிந்தது. வேண்டாம் என்று சொன்னால் அவருக்கு மரியாதைக் குறைச்சலாகப் படுமோ என்று யோசித்துக்கொண்டே கையை லேசாக நீட்டினான்.

"வாங்காதீங்க" என்றாள் தமிழினி. படியிறங்கி வந்து கதவருகே நின்றிருந்தாள். கன்னத்தில் பைப்பின் துரு அப்பியிருந்தது. "அதை வாங்கினீங்கன்னா வேலைக்கு வந்தவர் ஆயிடுவீங்க. நீங்க என்னைப் பார்க்க வந்தவர்."

வெற்றிவேல் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். அந்தக் கையை அப்புறம் எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"நம்மகிட்ட வேற மாதிரி சொல்லிக்கிட்டு வந்திருக்காங்கம்மா" என்றார் சம்பந்தம்.

"நாமளும் சுவத்துல மயிலை மாட்டி வெச்சோம்பா."

"நான்தான் ஃபேனைப் போடச் சொன்னேன். இவ அந்த போர்டுல கை வெச்சிருந்தா…" என்று ஆரம்பித்த தமிழினியின் அம்மாவால் முடிக்க முடியவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனவள், ஆறிப்போன பஜ்ஜித் தட்டை மறுபடியும் எடுத்து வந்து வெற்றிவேல் முன்னால் வைத்தாள்.

சம்பந்தம் மகளைப் பார்த்தார். உப்பிய சுவரைப் பார்த்தார். காபிக் கறை படிந்த சட்டையோடு நிற்கிற பையனை, வந்ததிலிருந்து முதல் தடவையாக, வேலையை விட்டுவிட்டு ஆளை மட்டும் பார்த்தார். பர்ஸ் பைக்குள் திரும்பிப் போயிற்று.

"எப்ப வந்து சுவரை உடைப்பீங்க தம்பி?"

"நாளைக்கே வந்துடறேன் சார்."

"நாளிக்கு வரமாட்டான்" என்றாள் ஜெயக்கொடி. அதுவரை வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தவள், மகன் கெடுத்துவிட்டான் என்று நினைத்த காரியத்தை இப்போது இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "நாளிக்கு அஷ்டமி. அதுக்கப்பறம் நாள் பாத்துக்கினு, நாங்க பத்து பேரா தட்டோட வந்து பொண்ணுக்குப் பூ வெச்சிட்டுப் போறோம். பூ வெச்ச மறுநாளு எம்புள்ள வந்து செவுத்த ஒடைக்கட்டும். பூ வெக்காத பொண்ணு வூட்டுல அவன் சுத்தியல எடுக்கக் கூடாது."

தமிழினி துரு அப்பிய கன்னத்தைத் துடைக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சம்பந்தம் பாத்ரூம் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்து, மனதுக்குள் ஏதோ கணக்குப் போட்டு, நெற்றி வேர்வையைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"அதுவரைக்கும் நாங்க எங்க குளிக்கிறது, சம்பந்தியம்மா?" என்று கேட்டார்.